துரைசாமி வீட்டுச் சக்கரக் கப்பல்

மாதிரி உருவங்கள் செய்கிறவர்களுக்கு மரம், பசை, பித்தளைத் தகடு எல்லாம் கடையில் கிடைத்துவிடும். கடையில் கிடைக்காத ஒன்று நிஜம், அதைத் தேடித் தருவதுதான் என் தொழில். கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஓசூரில் முருகேசன் நடத்தும் பட்டறைக்கு வரைபடங்களும் பழைய புகைப்படங்களும் தேடிக் கொடுக்கிறேன். ஏதோ ஓர் அளவு தப்பாகிவிட்டதென்று விடியுமுன் விழித்துக்கொள்ளும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கத்திலா, பின்னாலா?

நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் துரைசாமி ஒரு புகைப்படத்தோடு வந்தார். அவர் பிறக்குமுன் ரங்கூனில் எடுத்தது. அவருடைய அப்பா விறைப்பாக நிற்கிறார்; பின்னால் ஆறு, புகை விடும் நீராவிக் கப்பல், அதன் விலாவில் பெரிய துடுப்புச் சக்கரம். "அப்பா வேலை பார்த்த கப்பலுங்க. எங்க அக்காவுக்கு எண்பதுக்கு மேல ஆச்சு, பார்வை மங்கிக்கினே போவுது. முழுசாப் போறதுக்குள்ள இதே கப்பலைச் செஞ்சு அது கையில குடுத்துடணும்," என்றார். அந்த 'இதே'தான் அன்றிலிருந்து என் தூக்கத்தைக் கெடுத்தது.

பர்மா ஆற்றுக் கப்பல்களின் வரைபடங்கள் சில கிடைத்தன. ஒன்றில் சக்கரம் கப்பலின் பின்பக்கம். இன்னொன்றில் பக்கவாட்டில்தான், ஆனால் புகைபோக்கி இரண்டு. எதுவும் படத்தோடு ஒத்துப்போகவில்லை. நான் அவகாசம் கேட்கக் கேட்க முருகேசனுக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், சக்கரம் பின்னால இருந்தா என்ன, பக்கத்துல இருந்தா என்ன? ரங்கூனுக்கா ஓட்டிக்கிட்டுப் போகப் போறோம்?"

ஜூஜுவாடி வியாபாரி

பழைய படங்கள் விற்கும் ஒருவர் கர்நாடகத்து அத்திப்பள்ளியிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார். மாநில எல்லையோரத்து ஜூஜுவாடி டீக்கடையில், லாரிகள் கிளப்பும் புழுதியில் காத்திருந்தேன். படங்கள் பறந்துவிடாமல் டீ கிளாஸை வைத்து அழுத்திக்கொண்டே காட்டினார். ஒன்று ஏறக்குறைய அதேபோல இருந்தது. திருப்பிப் பார்த்தால், பின்னால் வேறொரு நாட்டு ஆற்றின் பெயர். திருப்பிக் கொடுத்தேன். அவர் கன்னடத்தையும் தமிழையும் கலந்து எனக்குச் சமாதானம் சொன்னார்: "எந்த ஆறா இருந்தா ஏனம்மா, நீரு நீருதானே!"

ஆகாயத்தில் நிழல்

கடைசியில், சக்கரத்தின் கம்பிகளை வைத்தாவது கப்பலை அடையாளம் காணலாமென்று படத்தைப் பட்டறைக் கணினியில் பெரிதாக்கினேன். கம்பிகள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை. அப்புறம்தான் கவனித்தேன்: அப்பாவின் தோள் நிழல் கப்பலின் புகைமேல் விழுந்திருந்தது. அத்தனை தூரத்துப் புகைமேல் ஒரு மனிதனின் நிழல் எப்படி விழும்? கீழே, தண்ணீர் தரையைத் தொடும் இடத்தில், துணி மடிந்திருந்தது. ஸ்டூடியோவில் தொங்கவிட்ட ஓவியத் திரை. எந்த ஆற்றிலும் ஓடாத கப்பல்.

அக்காவின் கையில் 'இதே கப்பலை' வைக்கக் காத்திருக்கும் மனிதரிடம் என்ன சொல்வது? உங்கள் அப்பா நின்றது ஒரு துணிக்கு முன்னால் என்றா? எழுந்து வந்து திரையைப் பார்த்த முருகேசன் கணினியை அணைத்தார். "நீங்க இதைப் பார்க்கல மேடம். நானும் பார்க்கல. சரியா?"

அக்கா

பார்த்ததைப் பார்க்காமல் இருக்க எனக்கு வரவில்லை. நாகரசம்பட்டிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் வாக்கியத்தை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அது துணியாகவே இருந்தது.

நான் சொல்லி முடித்ததும் துரைசாமியின் முகம் சுண்டிவிட்டது. "அப்போ அப்பா பொய் சொன்னாரா?" கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா பொன்னம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவரு எங்கடா சொன்னாரு? அவருக்கு அரிசி மில்லுல வேலை. நீயாதான் கப்பல் கப்பல்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச. ஆசையாச் சொல்றியேன்னு உட்டுட்டேன்." பிறகு என் பக்கம் கையை நீட்டித் துழாவினார், பிடித்துக்கொண்டேன். "படம் புடிக்கறப்போ நானும் அங்கதான் இருந்தேம்மா. சக்கரம் சுத்தும்னு ஓடிப்போயித் தொட்டேன், சீலையாப் போச்சு. நீங்க செய்யறதாவது சுத்துமா?"

ஆக, இல்லாத கப்பலைத் தேடித் தொலைத்த தூக்கம் போக மிச்சமிருக்கும் தூக்கத்தை, சுற்றுகிற ஏதாவது ஒரு சக்கரத்தின் வரைபடத்தைத் தேடித் தொலைத்துக்கொண்டிருக்கிறேன்.