சேவியர் அண்ணனுக்கும் அதே வெயில்தான்

போன புதன்கிழமை காலை பதுளைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். சேவியர் அண்ணனின் மகள் மேரியிடமிருந்து போன். "அத்தை, அப்பா போயிட்டாரு." கத்தரிக்காயைக் கூடையிலேயே போட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

அவரோடு பழகியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நாற்பது வருஷம் நம் தோட்டத்து லொறியை ஓட்டியவர். பிறந்தது புத்தளம் பக்கம். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த சிப்பாய்களின் வம்சம். நம் லயத்து வரிசை வீட்டுப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்.

நான் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தைகள் என் பொறுப்பு. பால்மா இறக்க அவர் வந்த முதல் நாள், குழந்தைகள் அவருடைய சுருட்டை முடியையே பார்த்துக்கொண்டிருந்தன. குனிந்து தலையைக் காட்டினார். "தொட்டுப் பாருங்க, கடிக்காது!" அன்று மத்தியானம் ஒன்றுகூடத் தூங்கவில்லை. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

நாமும் கறுப்புதான். ஆனால் பெண் பார்க்க வரும்போது நமக்கு அது ஒரு குறை. என்னை இரண்டாவது மாப்பிள்ளை வீட்டாரும் வேண்டாமென்று போனபோது அவர் சொன்னார்: "கறுப்புன்னு அழுவுறியே தங்கச்சி! எங்க பாட்டன் பேசுன பாஷை போச்சு, பேரு போச்சு. இந்தக் கறுப்பு ஒன்னுதான் எங்கிட்ட வந்து சேந்திருக்கு. இதுக்குப் போய் நான் அழுவேனா?" எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இப்போதெல்லாம் மழை பெய்தால் மண் சரியுமோ என்ற பயம். பெய்யாவிட்டால் மலைத் தண்ணீர் வரும் பீலியில் ஒரு சொட்டு இல்லை. போன வருஷம் பீலி அடியோடு வற்றி, பவுசர் வண்டியில் தண்ணீர் வந்தது. வரிசையைக் கவனித்தவள் நான். வயசாளிகளையெல்லாம் கூப்பிட்டு மரநிழலில் உட்கார வைத்தேன். அவரை மட்டும் கூப்பிடவில்லை. "ஒங்களுக்கென்னண்ணே, ஆபிரிக்கா ஒடம்பு! வெயில் ஒன்னும் செய்யாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கால் மணி நேரத்தில் வாளியோடு சுருண்டு விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைத்தான் தேடினார். "தங்கச்சி, ஆபிரிக்காவ நான் படத்துலதான் பாத்திருக்கேன். எனக்கு எழுபத்தாறு வயசு. எனக்கும் அதே வெயில்தான்." மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "மொதல்ல ஒரு பிளேன்டி வாங்கிட்டு வா" என்று விரட்டினார். அந்த வெறுந்தேநீரை வாங்கி வந்து கொடுத்தேன். மன்னிப்பைக் கேட்கவே இல்லை. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் போன மறுநாள் சவப்பெட்டியைத் திறந்தபோது உள்ளே யாரோ ஒருவர் படுத்திருந்தார். வழக்கம்போல முகத்துக்குப் பவுடர் பூசியிருந்தார்கள். ஆனால் அது கொஞ்சநஞ்சமில்லை. "பாக்க நல்லா இருக்கட்டும்னு கொஞ்சம் வெளுப்பா போட்டேங்க" என்றார் சவப்பெட்டிக் கடைக்காரர். "இது எங்க அப்பா மாதிரியே இல்லையே அத்தை" என்று மேரி கதறினாள். எனக்குப் பொறுக்கவில்லை. துவாயை நனைத்துக்கொண்டு வந்து நெற்றி, கன்னம், காதோரம் எல்லாம் துடைத்தேன். யாரும் தடுக்கவில்லை. "மன்னிச்சுக்கங்கண்ணே" என்று அப்போதுதான், அத்தனை பேர் முன்னாலும், சொன்னேன்.

அவர் கேட்டாரா, தெரியாது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த முகத்தை மட்டும்தான்: துடைக்கத் துடைக்கக் கறுத்து, கடைசியில் சேவியர் அண்ணனாகவே வந்த முகம்.