கோடி போர்த்தும்போது சிரித்த அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவருடைய நல்ல குணங்களை இந்த நினைவு மலரில் எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். எழுதுகிறேன். அதோடு நான் செய்ததையும் எழுதியாக வேண்டும்.

அண்ணன் மாகறலில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டுக் காஞ்சிபுரம் வந்து, வாடகை சைக்கிள் கடை வைத்து, என்னை ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். தெருவில் எந்த வீட்டில் சாவு என்றாலும் கடையைச் சாத்திவிட்டு முதல் ஆளாகப் போய் நிற்பார்.

ஒருநாள் டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பக்கவாதம். நடை திரும்பியது, பேச்சும் குழறலாகத் திரும்பியது. கூடவே ஒரு சிரிப்பும் வந்து சேர்ந்தது. காரணமே இல்லாமல் வரும், நிற்காது. சில நாள் அழுகை. குழந்தை மாதிரி ஆகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டோம்.

நான்கு மாதத்தில் என் கணவர் திடீரென்று இறந்தார். கருமாதியன்று பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை அண்ணன்தான் எனக்குப் போர்த்த வேண்டும். போர்த்தினார். போர்த்திவிட்டுச் சிரித்தார்.

"என் தாலி போனது உனக்குச் சிரிப்பா இருக்குதா?" என்று கத்தினேன். இன்னும் பலமாகச் சிரித்தார். புடவையை உருவி அவர் முகத்தில் எறிந்தேன்.

அதோடு விட்டேனா? என் கணவர் மேல் அண்ணனுக்கு எப்போதும் வயிற்றெரிச்சல் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னேன். அது பொய். ஊர் நம்பியது. அதன்பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அண்ணனை வாசல் தாண்ட விடவில்லை.

ஒரு வருஷம் கழித்து அண்ணி வந்தார். அண்ணனைச் சென்னையில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்.

"சிரிப்பையும் அழுகையையும் அடக்குற இடம் மூளையில கெட்டுப் போயிருக்குதாம்மா. உள்ள ஒண்ணு இருக்குமாம், மூஞ்சில வேற வருமாம். மனசு சோர்ந்தவங்களுக்குக் குடுக்குற மாத்திரையாம், கொஞ்சமா குடுத்தாரு. வாய் வறளுது, தூங்கிக்கினே இருக்காரு. ஆனா மூணு வாரத்துல சிரிப்பு நின்னுடுச்சு. வந்து பாரும்மா" என்றார்.

நான் நம்பவில்லை. சோதிக்கத்தான் போனேன். அண்ணன் எதிரில் உட்கார்ந்து, என் கணவரின் கடைசி நாளை வேண்டுமென்றே ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிக்கொண்டே அவர் வாயைப் பார்த்தேன். அது அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது.

"அன்னிக்கும் உள்ள அழுதுக்கினுதாம்மா இருந்தேன். வாய் என் பேச்சைக் கேக்கல. மன்னிச்சுக்கம்மா" என்றார்.

நோயாளி மன்னிப்புக் கேட்கிறார். நல்ல உடம்போடு பொய் சொன்ன நான் கேட்கவில்லை. அதன்பின் ஐந்து வருஷம் இருந்தார். தூக்கத்திலேயே போனார். அந்த ஐந்து வருஷத்திலும் நான் கேட்கவில்லை.

மாத்திரை எழுதித் தந்த டாக்டருக்கும், அண்ணனைச் சென்னைக்குப் பஸ்ஸில் கைப்பிடித்து அழைத்துச் சென்ற பக்கத்துக் கடைக்காரருக்கும், கடைசிவரை கைவிடாத அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதைப் படிக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அண்ணனைப் பற்றி நான் சொன்னதை யார் யாரிடம் சொன்னீர்களோ, அவர்களிடமெல்லாம் போய், தங்கை சொன்னது பொய் என்று சொல்லிவிடுங்கள்.