சூப் என்று எழுதிவிட்டேன்

சுவைக்கூடத்தில் வேலை என்றால் நாள் முழுக்கச் சாப்பிடலாம் என்று நினைக்கிறார்கள். நாள் முழுக்க நான் வாங்கிக் கட்டிக்கொள்வது பேச்சுதான்.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் கல்லூரியின் உணவு ஆய்வுப் பிரிவு. வருகிறவர்களுக்குக் கிண்ணத்தில் கொஞ்சம் கொடுத்து, பிடித்ததா இல்லையா என்று படிவத்தில் குறி போட வைப்பது என் வேலை. விருந்தாளிக்குச் சமைத்துப் போட்டு முகச்சுளிப்பைச் சம்பாதித்தவர்களே, உங்களிடம்தான் இதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியும்.

நைஜீரியாவிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி சியோமா, தன் ஊர் எகுசி சூப்பைக் கொண்டுவந்தாள். முலாம்பழ விதை போன்ற ஒரு விதையை அரைத்து, கீரையும் கருவாடும் போட்டு, செம்பனை எண்ணெயில், அதாவது சிவப்புப் பாமாயிலில், கெட்டியாகச் சமைப்பது. சத்துக்குக் குறைவில்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. நம் ஆட்களுக்குப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு சுற்றில் தேறாவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

இறங்காத சூப்

முதல் சுற்றுக்கு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். ஆட்டுக்கால் சூப் நினைப்பில் கிண்ணத்தைத் தூக்கி அண்ணாந்தார். கிண்ணத்தின் அடியைத் தட்டியும் பார்த்தார். நாக்கில் ஒரு சொட்டுகூடப் படாமலே ‘கொஞ்சமும் பிடிக்கவில்லை’ என்று குறி போட்டுவிட்டுச் சொன்னார்:

“சூப்புன்னு கூப்பிட்ட, இது கீழயே எறங்க மாட்டுது லா!”

வெளிநாட்டு எண்ணெய்

ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஆன்டிக்கு வீட்டைச் சுற்றி செம்பனைத் தோட்டம். பரம்பரையே அதில் வேலை செய்தது. சிவப்பாக மிதந்த எண்ணெயைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். செம்பனையே சியோமாவின் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த மரம்தான், நீங்கள் பாக்கெட்டில் வாங்குவதும் அதே எண்ணெய்தான் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது நம்ம எண்ணெய்மா. இந்த ஃபாரின் எண்ணெய்லாம் நமக்கு ஒத்துக்காது.”

சத்து மட்டும் போதும்

எங்கள் அலுவலகத்திலேயே உடற்பயிற்சிப் பைத்தியம் ஒருவர் இருக்கிறார். புரோட்டீன் மாவு டப்பாவோடுதான் வருவார். அவராவது ஒழுங்காகச் சுவைப்பார் என்று உட்கார வைத்தது என் மடத்தனம். கிண்ணத்தைத் தொடாமலே எல்லாக் கட்டத்திலும் ‘மிகவும் பிடித்தது’ என்று போட்டார். படிவத்தைக் கிழித்தேன்.

“புரோட்டீன் இருக்குல்ல பாஸ்? அப்புறம் டேஸ்ட் எதுக்கு?”

ஒரு சொல்

முதல் சுற்று படுத்துவிட்டது. சியோமா மீந்ததைத் தட்டில் ஊற்றி, கிழங்கு மாவு உருண்டையைக் கையால் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட்டாள். பார்த்த எனக்கு வெட்கமாகிவிட்டது. அது குழம்பு! ஆங்கிலத்தில் சூப் என்றிருந்ததைத் தமிழிலும் சூப் என்று எழுதிய மேதாவி நான்தான்.

பேராசிரியரிடம் அனுமதி வாங்கினேன். இரண்டாவது சுற்றில் அதே எண்ணெய், அதே விதை, அதே கருவாடு. படிவத்தில் மட்டும் ‘எகுசி குழம்பு’, பக்கத்தில் சுடுசோறு. ஆன்டி இரண்டு முறை கேட்டு வாங்கினார். அங்கிள் தட்டை வழித்து, விரலைச் சூப்பி, சியோமாவிடமே நியாயம் பேசினார். அவளுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

“இதுதாம்மா சாப்பாடு! போன தடவ எவனோ கண்டதையும் கலக்கிக் குடுத்துட்டான்.”

எகுசி தேறிவிட்டது, சியோமாவும் தப்பித்தாள். சாப்பிட்டவர்களுக்கு மார்க் போட அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லாததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.