விளக்கெண்ணெய் கேட்ட பிள்ளை

1. திங்கட்கிழமை

ஒரு திங்கட்கிழமை காலை என் மகள் கமலம் தானாகவே போய் அவள் அத்தையிடம், "எனக்கு வெளக்கெண்ணெ குடுங்கத்தை" என்று கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நாங்கள் இராசிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தோம். என் கணவர் வீட்டிலேயே தறி போட்டிருந்தார். அவருடைய அக்கா, கணவரை இழந்த என் நாத்தனார், எங்களோடு இருந்து நூல் இழைத்துக் கொடுத்தார். நான் அதே ஊரில் ஒரு எய்டட் பெண்கள் பள்ளியில் டீச்சர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. கமலம் என் வகுப்பிலேயே படித்தாள்.

விளக்கெண்ணெயைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆமணக்கு முத்தை வறுத்து இடித்து வீட்டிலேயே காய்ச்சி வைப்போம். மாதம் ஒரு முறை வயிற்றைச் சுத்தம் செய்யப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுப்போம். கொடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையைக் காலைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் மூக்கை அடைத்துச் சங்கில் ஊற்ற வேண்டும். அன்றைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. மிளகு ரசம் விட்டுக் குழைந்த சோறு, அவ்வளவுதான்.

கமலத்துக்குக் கொஞ்ச நாளாகவே வயிற்றுவலி இருந்தது. காலையில் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்துவிடுவாள். அதற்கு முந்தின வாரம் நாத்தனார் பேதிக்குக் கொடுத்துப் பார்த்தார். அன்று முழுவதும் பிள்ளை தெளிவாக இருந்தது. நாத்தனாருக்கு ஒரே பெருமை. இப்போது அவளே வந்து கேட்டதும், "பாரு, கொளந்தைக்கே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே சங்கை எடுத்தார்.

கமலம் யாரும் பிடிக்காமலே கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்றவள், அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

தறியில் இருந்த என் கணவர் சிரித்தார். "ஏம்புள்ள, உன்ற பள்ளிக்கோடத்துக்கு வெளக்கெண்ணெயே தேவலைன்னு ஆயிருச்சாட்டம் இருக்குது அவளுக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போகிற வழியெல்லாம் அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு போனேன்.

2. என்ன நடந்திருந்தது

எய்டட் பள்ளி என்றால் சர்க்கார் கிராண்ட் கொடுக்கும், மேனேஜர் பள்ளியை நடத்துவார். எங்கள் மேனேஜர் ஒரு நூல் வியாபாரி. தெருப் பெண்பிள்ளைகள் நாலு எழுத்துப் படிக்கட்டும் என்று சொந்தக் கட்டடத்தை விட்டுக்கொடுத்தவர். கெட்டவர் இல்லை. ஆனால் வருஷா வருஷம் வரும் இன்ஸ்பெக்ஷன் என்றால் அவருக்கு நடுக்கம். இன்ஸ்பெக்டரம்மா என்ன எழுதிவிட்டுப் போகிறாரோ, அதைப் பொறுத்துத்தான் கிராண்ட்.

முந்தின வருஷ இன்ஸ்பெக்ஷனில் கமலம் எழுந்து நின்று மனக்கணக்குகளைத் தடுமாறாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டரம்மா பாராட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மேனேஜருக்கு அவள்மேல் ஒரு கண். இந்த வருஷ இன்ஸ்பெக்ஷன் நெருங்கியதும், கடையில் வேலை குறைவான திங்கட்கிழமைகளில் பள்ளிக்கூடத்துக்கு வந்து, கமலத்தை எழுப்பி நிறுத்திக் கணக்குக் கேட்பார். சரியாகச் சொன்னால் முதுகில் தட்டிவிட்டு, "உங்கம்மா வேலை உன்ற நாக்குலதான் இருக்குது சாமி, பாத்துக்க" என்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். மேனேஜர் சொல்கிற வேடிக்கைக்குச் சிரிக்காமல் இருக்க முடியுமா?

அன்று வகுப்பில் உட்கார்ந்து, வலி வந்த காலைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாம் திங்கட்கிழமையாகவே வந்தது. ஒரு வாரம் மேனேஜர் சேலத்துக்குப் போயிருந்தார். அந்த வாரத் திங்கட்கிழமை கமலம் மூன்று தோசை தின்றுவிட்டு எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

இதற்குள் நாத்தனார் மிளகாய் சுற்றிப் போட்டிருந்தார். கண்பட்டிருக்கும், தாயத்து கட்ட வேண்டும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதில் பாதி எனக்குச் சரியென்றே பட்டது. பிள்ளைமேல் எங்கள் எல்லாருடைய கண்ணும்தான் பட்டிருந்தது.

3. பேன் பார்த்த மத்தியானம்

நேராகக் கேட்டால் பிள்ளைகள் சொல்லமாட்டார்கள். நான் தாயாக மட்டுமில்லாமல் டீச்சராகவும் இருந்ததால் என் பிள்ளை இன்னும் சொல்லமாட்டாள். "என்ன வலி, எங்கே வலி" என்று நான் ஏற்கனவே கேட்டிருந்தேன். "வயிறு" என்பாள், அதோடு சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்கட்டில் அவளை முன்னால் உட்கார வைத்துப் பேன் பார்த்தேன். முகம் அந்தப் பக்கம் இருக்கும், கை தலையில் இருக்கும். தாயும் மகளும் பேச அதைவிட நல்ல நேரம் எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் கேட்கவில்லை. நாளைக்கு மேனேஜர் வருவார், எனக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதான்.

வெகுநேரம் கழித்து அவள் கேட்டாள். "நான் தப்பாச் சொல்லிட்டா உங்க வேலை போயிருமுங்களாம்மா?"

என் கை நின்றுவிட்டது. "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றேன். எல்லாத் தாயும் சொல்வதுதான். பிறகு, "போயிருச்சுன்னா?" என்றாள்.

அப்போது ஒன்று புரிந்தது. ஒன்றும் ஆகாது என்ற வார்த்தை அவளுக்குள் போகவே இல்லை. அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வோம் என்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத்தான் இத்தனை திங்கட்கிழமைகளாகத் தனியாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போனா, அப்பா தறி இருக்குது. நானும் அத்தையோட உக்காந்து நூல் இழைப்பேன்" என்றேன்.

"உங்களுக்கு இழைக்கத் தெரியுங்களா?"

"தெரியாது. அத்தை சொல்லிக்கொடுப்பாங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டை நின்றது. "ஆரு, இவளுக்கா?" என்றார் நாத்தனார். "ஒரு நாளைக்குள்ளார அத்தனை நூலையும் அத்துப்போட்டு ஊட்டையே சந்திக்கு இழுத்துருவா. சாமி, உங்கம்மா பள்ளிக்கோடத்துலயே இருக்கட்டும், அதுதான் நமக்கு நல்லது."

கமலம் சிரித்தாள். தலை குலுங்கிப் பிடியில் இருந்த பேன் தப்பிவிட்டது. அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு நாளாகியிருந்தது. பிறகு நான் அவளிடம் தெளிவாகச் சொன்னேன்: என் வேலை என்னுடையது, அதைப் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பாடு, உன் பாடு அல்ல.

சொல்லிவிட்டேனே தவிர, அதை நிலைநாட்ட வேண்டியது இனி என் பொறுப்பு ஆகிவிட்டது.

4. மேனேஜர் கடையில்

மறுநாள் விடிந்ததும், மேனேஜர் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன் நானே அவர் கடைக்குப் போனேன். கமலத்தை இனிமேல் தனியாக எழுப்பிக் கேட்க வேண்டாம், இன்ஸ்பெக்ஷனிலும் அவளை நிறுத்த வேண்டாம் என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுங்க டீச்சர்" என்றார்.

"எனக்கு வெளையாட்டுங்க. அவளுக்கு இல்லீங்க."

நூல் கட்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை, கெஞ்சினார். பள்ளிக்கூடம் ஒரு வருஷம் கிராண்ட் இல்லாமல் நடக்காது, மற்றப் பிள்ளைகள் வாயைத் திறக்கவே யோசிக்கும், இந்த ஒரு தடவை மட்டும் என்றார். "ஓடற மாட்டைக் கட்டிப்போட்டுட்டு பந்தயத்துக்குப் போனா எப்பிடிங்க?"

"மாடு இல்லீங்க. புள்ளைங்க."

"அப்ப குறை வந்துச்சுன்னா?"

"வந்தா எங்கிட்டச் சொல்லுங்க. அவகிட்டச் சொல்லாதீங்க."

அவர் நூல் கட்டுகளை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். அன்று அவர் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நான் செய்தது துணிச்சலா, அதிகப்பிரசங்கித்தனமா என்று அன்று முழுவதும் என்னையே கேட்டுக்கொண்டேன். பயந்த பிள்ளையை ஒதுக்கி வைத்தால் பயம் வளராதா என்றும் தோன்றியது. ஆனால் அவள் கணக்குக்குப் பயப்படவில்லை. நான் தெருவில் நிற்பேனோ என்றுதான் பயந்தாள். அந்தப் பாரத்தை வைத்துக்கொண்டு எழுந்து நிற்கச் சொல்வது பயிற்சி ஆகாது என்று முடிவு செய்தேன்.

5. இன்ஸ்பெக்ஷன்

இன்ஸ்பெக்டரம்மா ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார். அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் பார்த்தார், சிலேட்டுகளைப் பார்த்தார், தையல் பார்த்தார். மேனேஜர் புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு கதவருகே நின்றார். மனக்கணக்கு வந்தது.

"போன வருஷம் ஒரு பொண்ணு டாண் டாண்ணு சொன்னாளே, டீச்சர் மகள். எங்கே அவள்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். கமலம் மூன்றாவது வரிசையில் இருந்தாள். அவளும் என்னைப் பார்த்தாள்.

"இருக்கிறாள் மேடம். இந்தத் தடவை மற்றப் பிள்ளைகளைக் கேட்கும்படி வேண்டிக்கொள்கிறேன்" என்றேன்.

"ஏன், உடம்பு சரியில்லையா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் வயிற்றுவலிக்குப் பின்னால் ஒளிய நான் சொல்லிக்கொடுத்தது போல் ஆகியிருக்கும்.

"உடம்புக்கு ஒன்றும் இல்லை. போன வருஷம் அவள் சொல்லிவிட்டாள். இந்த வருஷம் மற்றவர்கள் சொல்லட்டும்."

இன்ஸ்பெக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்சம் பார்த்தார். பிறகு முன்வரிசையில் ஒருத்தியைக் கைகாட்டினார். அவள் சரியாகச் சொன்னாள். அடுத்தவள் தடுமாறினாள். அதற்கடுத்தவள் ஒன்பதாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். போகும்போது மனக்கணக்கில் பயிற்சி போதாது என்று எழுதிவிட்டுப் போனார்.

கிராண்ட் நிற்கவில்லை. ஆனால் மேனேஜர் கொஞ்ச நாள் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நான் அவர் உரிமை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் இன்ஸ்பெக்ஷன் முடிந்த அன்று சாயங்காலம் கடைவாசலில் கமலத்தைப் பார்த்தவர், "ஊட்டுக்குப் போறியா சாமி" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அவரிடம் நான் இன்றும் நன்றியோடு இருப்பது அதற்காகத்தான்.

"குறை எழுதிட்டாங்களாம்மா?" என்று வழியில் கேட்டாள்.

"எழுதிட்டாங்க."

"நாளைக்கு?"

"நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு. போவேன்."

மறுநாள் காலை நான் வழக்கம்போல் புடவை கட்டி, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குறை வந்தும் அம்மா வேலைக்குப் போகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்தது, நான் சொன்ன அத்தனை வார்த்தைகளையும்விட வேலை செய்தது.

6. இப்போது நான் கேட்பது

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அதன் பிறகும் சில திங்கட்கிழமைகளில் வாந்தி எடுத்தாள். நான் திட்டவும் இல்லை, பக்கத்திலேயே நின்று கவலைப்படவும் இல்லை. வாயைக் கழுவிவிட்டு, கொஞ்சம் மோர் கொடுத்து, கூடவே கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் தனியாகக் கேட்காமல் வரிசையாகக் கேட்டேன். மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்தவள், ஒரு நாள் பக்கத்துப் பெண் தப்பாகச் சொன்னபோது பொறுக்கமாட்டாமல் தானே விடையைக் கத்திவிட்டாள். கத்தியதற்காக வழக்கம்போல் அவளைக் கண்டித்தேன். உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

புதிதாக வேலைக்கு வரும் தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வயிற்றுவலி என்று ஒரு பிள்ளை வந்தால் வலி பொய் என்று நினைக்காதீர்கள், அது வலிதான். எங்கே வலிக்கிறது என்று கேட்டதோடு நின்றுவிடாமல், எந்தக் கிழமையில் வலிக்கிறது என்றும் கேளுங்கள். நீங்கள் தாயாகவும் இருந்தால், ஒன்றும் ஆகாது என்று சொல்லுமுன், ஆகிவிட்டால் என்ன செய்வோம் என்று சொல்லுங்கள். இதையெல்லாம் சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் குணமானது எப்போது என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அது ஒரு அமாவாசை. நெசவாளர் வீடுகளில் அன்று தறிக்கு விடுமுறை. நாத்தனார் வழக்கமான பேதிக்கு விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிச் சங்கோடு வந்தார். அந்த வாசனை வந்ததும் கமலம் எழுந்து ஓடினாள். தறிக்கு அடியில் புகுந்தாள், பின்கட்டில் வெளியே வந்தாள், தெருவுக்குப் போய்விட்டாள். "ஏ சாமி, நில்லு, நீதானே கேட்டுக் குடிச்சே" என்று நாத்தனார் சங்கைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

பிடித்துக் கொடுக்கச் சொல்லி என் கணவர் என்னைக் கூப்பிட்டார். நான் அடுப்பைவிட்டு அசையவில்லை. ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.