எட்டாம் நம்பர் ஸ்கேட்ஸ்

“...அதான் சொல்றேன், இது நல்லா உழைக்கிற ஷூதான். கால் நேரா நிக்கிறவங்க யாராவது போட்டுக்கட்டும். எனக்கு அந்த பேலன்ஸ் கிடையாது. சில பேருக்குப் பாட்டு வராதுல்ல, அது மாதிரி.”

சொன்னது என் மனைவி சித்ரா. சொன்னது என்னிடம். இடம், அமெரிக்காவில், பிளசன்டனில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிஷ டிரைவில் இருக்கிற ஓர் ஐஸ் ரிங்க், பனிச்சறுக்கு அரங்கம். அதை ஒட்டின ஸ்கேட் கடை. போன சனிக்கிழமை மத்தியானம். வெளியே பார்க்கிங் லாட்டில் தொண்ணூத்தாறு டிகிரி வெயில். உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

கவுன்ட்டர் மேல் அவளுடைய ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸ் – அடியில் பிளேடு வைத்த ஷூ – லேஸ் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, துடைத்துப் பளபளவென்று. இந்தக் கடையில் பழையதைக் கொடுத்தால், புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தோம்.

சித்ராவும் ஐஸ் ஹாக்கியுமா? நானும் முதலில் அப்படித்தான் முழித்தேன். நாற்பத்தெட்டு வயது. பெரம்பூர்க்காரி. ஐஸ் என்றால் கரும்பு ஜூஸில் போடுவது என்று வளர்ந்தவள். மில்பிடாஸில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஆபீஸ் தோழி ஒருத்தியை அழைத்துப்போக இந்த ரிங்க்குக்கு வந்தவள், ஐஸைப் பார்க்கிற பெரிய கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் அப்படியே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்கவில்லை.

“ஒரு வண்டி வந்து ஐஸ் மேல தண்ணி விட்டுத் தேய்ச்சிட்டுப் போகுதுங்க. அது போனப்புறம் பார்க்கணுமே... அயர்ன் பண்ணி இன்னும் மடிக்காத வேட்டி மாதிரி கிடக்கு. அது மேல ஒரு கோடு நான் போடணும்.”

அவள் வாயில் ‘நான்’ என்று ஆரம்பிக்கிற ஆசை ஒன்றை நான் கேட்டது அன்றைக்குத்தான். பொண்ணு படிக்கணும், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடியணும், உங்களுக்கு கொலஸ்ட்ரால் குறையணும் – இப்படித்தான் இருக்கும் அவள் லிஸ்ட்.

பெண்களுக்கான பிகினர் டீம் ஒன்றில் சேர்ந்தாள். பதினாலு மாதம். ஞாயிற்றுக்கிழமை காலைகளெல்லாம் ஐஸ் மேல்தான். கூடச் சேர்ந்தவர்கள் இரண்டே மாதத்தில் பின்பக்கமாகச் சறுக்கினார்கள், வளைந்தார்கள், சட்டென்று நின்று பனித்தூள் பறக்கவிட்டார்கள். இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். விட்டால் கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்துகொள்ளும். விழுவாள்.

என்னென்ன செய்யவில்லை? விட்டமின் டி மாத்திரை சாப்பிட்டாள். தோசை வார்க்கும்போது ஒற்றைக் காலில் நின்றாள். கோயில் கேன்டீனில் ஒரு டாக்டர் ஆன்ட்டி, “பேலன்ஸ் எல்லாம் காதுலதான். காதுக்குள்ள ஏதாவது ப்ராப்ளம் இருக்கும், செக் பண்ணிக்கோம்மா” என்றார். அதையும் செக் பண்ணினாள். காது நன்றாக இருந்தது.

கனவில் மட்டும் நன்றாகப் போவாளாம். காலையில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வாள்: “நேத்தும் வந்துச்சுங்க. சத்தமே இல்ல. கால் இருக்கறதே தெரியல. திரும்பணும்னு நினைச்சேன்... திரும்பிட்டேன்.”

அப்புறம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் கிளம்பிவிடுவாள்.

அடுத்த சீசனுக்கு யார் யார் வருகிறீர்கள், ஞாயிறு சாயங்காலத்துக்குள் சொல்லுங்கள் என்று டீம் கேப்டன் – ஒரு நர்ஸ், நல்ல பெண் – எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பியிருந்தாள். சித்ரா முடிவு பண்ணிவிட்டாள். ஸ்கேட்ஸைக் கொடுத்துவிட்டால் மனசு மாறாது என்று சனிக்கிழமையே கிளம்பி வந்தாயிற்று.

பாட்டு வராது என்று அவள் சொல்லி முடித்த இந்த இடத்தில்தான் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“அக்கா, குறை நினைக்காதேங்கோ. இது உங்கட சப்பாத்தோ?”

தமிழ்! அதுவும் ஷூவைச் சப்பாத்து என்கிற யாழ்ப்பாணத் தமிழ்! அமெரிக்காவில் யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் பொது இடத்தில் சத்தமாகத் தமிழ் பேசி மாட்டிக்கொள்ளாதவர் உங்களில் யாராவது உண்டா?

பெயர் தர்ஷினி. முப்பது வயது இருக்கும். டொராண்டோவில் வளர்ந்த பெண். அண்ணன்மார் மூன்று பேரும் ஹாக்கி ஆடியதால், வீட்டில் சமையல் சாமானைவிட ஸ்கேட்ஸ் அதிகமாம். கல்யாணமாகி இங்கே வந்து, இந்தக் கடையில் வேலை.

“என்னுதுதான்” என்றாள் சித்ரா.

“வெளியில போடுற சப்பாத்து என்ன நம்பர்?”

“ஏழரை.”

தர்ஷினி ஸ்கேட்டைத் தலைகீழாகத் திருப்பி அடியில் பார்த்தாள். “இது எட்டு. ஆம்பிளையளின்ர எட்டு. உங்களுக்கு அஞ்சு வரும்.”

“அஞ்சா? என் பொண்ணு ஆறாம் கிளாஸ்ல போட்ட சைஸ் அது.”

“ஸ்கேட் நம்பரும் சப்பாத்து நம்பரும் ஒண்டில்லை அக்கா. ஸ்கேட் எப்பவும் குறைச்சுத்தான் எடுக்கவேணும். இதுக்குள்ள எத்தனை சாக்ஸ் போடுறனீங்கள்?”

“ரெண்டு. கம்பளி.” கொஞ்சம் யோசித்து, “மேட்ச்னா மூணு.”

தர்ஷினி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஆர் இதை வாங்கித் தந்தது?”



நான்தான் வாங்கினேன். ஆன்லைனில், ஒருத்தர் போட்டுப் பழசானது. இவளுக்கு ஏழரை; எதற்கும் அரை நம்பர் கூட இருக்கட்டும், கம்பளி சாக்ஸ் போடணுமே என்று எட்டு. கடைக்காரப் பெண்ணிடம் நான் எப்படிச் சொல்வேன், இது என் தப்பு இல்லை, எங்கள் ரத்தம் என்று?

ஸ்கூல் ஷூ வாங்கப் போனால் அப்பா கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்ப்பார். முன்னால் இரண்டு விரல் இடம் இருந்தால்தான் பில். பாவாடைக்கு அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைப்போம். இங்கே வந்தும் விட்டோமா? இரண்டு பேருக்கு ஐந்து பெட்ரூம். ஒரு குழந்தைக்கு ஏழு சீட் வண்டி. நாற்பது பவுண்டு அரிசி மூட்டை. எல்லாவற்றிலும் வளர்வதற்கு ஓர் இடம் விட்டுத்தான் வாங்குகிறோம். வளர்ந்தோமா என்று மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

“இருங்கோ அக்கா” என்று சொல்லி தர்ஷினி உள்ளே போனாள். மூன்று பெட்டிகளோடு வந்தாள். “வாங்கச் சொல்லேல்லை. போட்டுப் பார்க்கிறதுக்குக் காசு ஒண்டும் இல்லைத்தானே.”

மெல்லிசாக ஒரே ஒரு சாக்ஸ். லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, முதலில் விரல் முன்னால் முட்டும்படி நிற்கச் சொன்னாள். குதிகாலுக்குப் பின்னால் தன் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். “இப்ப குதிக்காலைப் பின்னுக்கு ரெண்டு தட்டுத் தட்டுங்கோ. முழங்காலை மடியுங்கோ. விரல் முட்டுதோ?”

முதல் ஜோடி பக்கவாட்டில் நெருக்கியது. சித்ரா, “இதே போதும், இதுவே நல்லாத்தான் இருக்கு” என்றாள். யாருக்கும் சிரமம் கொடுக்கக் கூடாது அவளுக்கு.

“காணாது” என்றாள் தர்ஷினி. போதாது என்று அர்த்தம். கழற்றிவிட்டாள்.

இரண்டாவதில், லேஸ் ஓட்டைகளின் மேல் குறுக்கே ஒரு பென்சிலை வைத்துப் பார்த்தாள். பென்சில் நடுவில் பாதத்தின் மேட்டில் இடித்தது. “உங்களுக்குப் பாதம் உயரம். இதுக்குள்ள ஆழம் இல்லை.” அதுவும் போயிற்று.

“எதுக்கும் அரை நம்பர் கூட வச்சு...” – என் வாய் தன்னாலேயே ஆரம்பித்தது. இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணா, அக்காவுக்கு இனிமேலும் கால் வளருமோ?”

நான் பக்கத்திலிருந்த ஹெல்மெட்டுகளைப் பார்க்கப் போய்விட்டேன்.

மூன்றாவது ஜோடி. சித்ரா முழங்காலை மடித்தாள். நின்றாள். மறுபடி மடித்தாள்.

“விரல் முட்டுதோ?”

“முட்டலை... லேசா உரசுது.”

“குதிக்கால் எழும்புதோ?”

“இல்ல. ஆனா, இறுக்கமா இருக்கேம்மா?”

“கை குலுக்கிற மாதிரி இறுக்கவேணும். கழுத்தைப் பிடிச்ச மாதிரி இறுக்கக் கூடாது. இது எது?”

சித்ரா எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிப் பார்த்தாள். “கை” என்றாள். அப்புறம், விலையைக்கூடக் கேட்காமல், “எடுத்துக்கறேன்” என்றாள்.

தனக்காக அவள் சொல்கிற இதுபோல ஒரு பேச்சைக் கேட்கத்தான் நான் கடை கடையாக இவள் பின்னால் பை தூக்கிக்கொண்டு போவது.

புது ஸ்கேட்டைச் சின்ன ஓவன் ஒன்றில் வைத்துச் சூடுபண்ணுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சில நிமிஷம் வைத்தால் உள்பக்கம் இளகிவிடுமாம். அந்தச் சூட்டோடு காலை விட்டு லேஸ் கட்டி உட்கார்ந்தால், ஆறும்போது அந்தக் காலின் வடிவத்துக்கே வந்துவிடும்.

தர்ஷினி தரையில் மண்டியிட்டு லேஸைக் கட்டினாள். “பதினஞ்சு நிமிசம் எழும்பக் கூடாது அக்கா. நடக்கக் கூடாது. ஒரு வேலையும் செய்யக் கூடாது. சும்மா இருங்கோ.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் சித்ராவிடம் இப்படி யாரும் சொன்னதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே பெரிய கண்ணாடி; அதற்கு அப்பால் ரிங்க். அப்போதுதான் அந்தத் தண்ணி வண்டி போயிருந்தது. ஐஸ் மேல் மெல்லிசாக ஒரு புகை. விளக்குகளெல்லாம் ஐஸுக்குள் நீளநீளமாக இறங்கியிருந்தன. ஐந்தாறு பேர் சுற்றினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. அவர்கள் நகர்கிறார்களா, அரங்கம் நகர்கிறதா என்று கொஞ்ச நேரம் எனக்கே குழப்பமாக இருந்தது.

“கால் சுடுதா?” என்று கேட்டேன்.

“இல்ல... யாரோ ரெண்டு கையாலயும் பிடிச்சிட்டிருக்க மாதிரி இருக்கு. பேசாதீங்க.”

பேசாமல் இருந்தேன். என்னால் எவ்வளவு நேரம் முடியும்?

“சித்ரா. அந்த எட்டு... நான்தானே வாங்கினது.”

“தெரியும்.”

“கோவமா?”

கண்ணைத் திறக்கவில்லை. “உங்க மேல இல்ல. நான் வேலை பார்க்கறது டெஸ்டிங். எதுல தப்புன்னு கண்டுபிடிக்கத்தான் எனக்கு சம்பளம். பதினாலு மாசமா காதை செக் பண்ணேன், எலும்பை செக் பண்ணேன், வயசைத் திட்டினேன். ஒரு தடவைகூட ஷூ மேல சந்தேகமே வரலை பாருங்க. அதான் கோவமா இருக்கு.”

உங்களுக்குத் தெரியுமா? நாம் தள்ளாடும்போது, நமக்கு ஏன் முதல் சந்தேகம் நம் மேலேயே வருகிறது?

அவளே மெதுவாகச் சொன்னாள். “ஒரு பயம் இருக்கு. இதுலயும் வரலைன்னு வைங்க... அப்புறம் பழி போட ஷூ கிடையாது. நான்தான்.”

கனவில் பேசுகிறவள் மாதிரி இருந்தது அந்தக் குரல். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேட்ஸ் ஆறிக்கொண்டிருந்தது.

பிளேடு தீட்டி முடித்து, யார் வேண்டுமானாலும் சறுக்கலாம் என்கிற பப்ளிக் செஷனுக்கு டிக்கெட்டும் வாங்கியாயிற்று. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்ரா ஐஸில் இறங்கினாள். கணுக்கால் இரண்டும் குச்சி மாதிரி நேராக நின்றன. நான் பார்த்தேன். அவளும் குனிந்து பார்த்தாள்.

ஓர் அடி. இரண்டு. மூன்றாவது அடியில் புது பிளேடு ஐஸைக் கவ்விக்கொண்டது. தடாலென்று விழுந்தாள்.

எழுந்தாள். சுவரை விட்டு நாலு அடி போனாள். மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை ஐஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் போன ஒருவர் கை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

என்ன சொல்லித் தேற்றலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘புதுசுன்னா அப்படித்தான் இருக்கும்’, ‘நாளைக்குப் பார்க்கலாம்’, ‘வா, போற வழியில சூடா மசால் தோசை சாப்பிடலாம்’...

எழுந்து, மெல்ல என் பக்கம் வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கையின் கிளவுஸைக் கழற்றி, பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“வச்சுக்கங்க. விழறப்ப இடுப்புல குத்துது.”

“போலாமாம்மா?”

“எங்க?” என்றாள். மூச்சு வாங்கியது. “முன்னாடியெல்லாம் ஷூ விழும், நான் கூடவே போவேன். இப்ப நானே விழறேங்க. இது வேற.”

எனக்குப் புரிந்ததா என்று பார்த்தாள். புரிந்ததாக நினைத்துக்கொண்டாள்.

“கேப்டனுக்கு நீங்களே ஒரு மெசேஜ் போட்டுடுங்க. லிஸ்ட்ல என் பேர் இருக்கட்டும்னு.”

கிளவுஸைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டாள். உள்ளங்கையால் சுவரை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, மூன்றாவது தடவை விழப் போனாள்.