ஆளை மாற்றிச் சுட்டார்கள்

குவாண்டோ ஆற்றங்கரையில் புருஷனை இழந்த இனோங்கேவுக்கு ஒரு மக்காச்சோளக் காடு இருந்தது. அதில் விளைந்ததைப் பாதிக்கு மேல் தின்றது இடது காது கிழிந்த ஒரு ஆண் யானை. அதற்கு அவள் மாமனார் என்று பெயர் வைத்திருந்தாள். கூப்பிடாமல் வரும், வயிறாரச் சாப்பிடும், ஒரு வார்த்தை பேசாமல் போகும். எதிர்த்து நிற்கவும் முடியாது.

ஊர் வனவிலங்குக் குழுவில் காவலராக இருந்த கொழுந்தன் முயுண்டா ஒரு நாள் செய்தி கொண்டுவந்தான்.

“அண்ணி, ஆஸ்திரியாவுலேர்ந்து ஒரு பெரியவர் வேட்டைக்கு வர்றாரு. ஒரு யானைக்கு அனுமதி. அவர் கட்டுற பணத்துலதான் எங்களுக்குச் சம்பளம்.”

“காது கிழிஞ்சவரைக் காட்டிக் குடு. காலடித் தடம் என் காட்டுலயே கெடக்கு. தேடக்கூட வேணாம்.”

“அதுக்கு ஒரு தந்தம் ஒடிஞ்சிருக்கே அண்ணி. அவர் வீட்டுக் கூடத்துல வைக்கணும்ல?”

ஆகவே பெரியவர் சுட்டது வேறொன்றை. ஆற்றோரம் நாணலை மென்றபடி ஒதுங்கிக் கிடந்த, எவர் காட்டிலும் கால் வைக்காத கிழட்டு யானை. இரண்டு தந்தமும் முழுசாக இருந்ததுதான் அது செய்த தப்பு.

இறைச்சியை ஊருக்குப் பங்கு போட்டார்கள். இனோங்கே சட்டியோடு வரிசையில் நின்றாள். அந்தச் சாது மிருகத்தை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் இறைச்சி வெந்து மாசக்கணக்காகியிருந்தது. பங்கு கையில் விழுந்தபோது சிரித்தாள். அதை யாரோ படம் பிடித்தார்கள்.

படம் அவளைவிட வெகுதூரம் பயணம் செய்தது. வேட்டை ஏழை விதவைக்குச் சோறு போடுகிறது என்றது ஒரு கூட்டம். பட்டினி போட்டுச் சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்றது மறு கூட்டம். ஒரே மாதத்தில் இரண்டு கூட்டமும் கேமராவோடு வந்து சேர்ந்தன. இரண்டு பேரிடமும் அவள் ஒன்றையே சொன்னாள்:

“கறி நல்லா இருந்துச்சு. கொழுந்தனுக்குச் சம்பளமும் வருது. ஆனா ஆளை மாத்திச் சுட்டுட்டாங்க, என் சோளத்தைத் தின்னவன் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கான். செத்தது பாவம், யாரையும் ஒண்ணும் பண்ணினதில்ல.”

முதல் கூட்டம் எடுத்த படத்தில் கறியும் சம்பளமும் இருந்தன. இரண்டாவது கூட்டத்தின் படத்தில் பாவம் மட்டும் இருந்தது. நடுவில் அவள் சொன்னது எதிலும் இல்லை.

இரண்டாவது படம்தான் ஜெயித்தது. வேட்டையாடிய தந்தத்தைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்ததும் பெரியவர்கள் வருவதை நிறுத்தினார்கள். முயுண்டாவுக்கு வேலை போனது. யானைகளைக் காப்பாற்றியதற்கு வாழ்த்துச் சொல்லி இரண்டாவது கூட்டத்திடமிருந்து இனோங்கேவுக்கு ஒரு கடிதம் வந்தது. யானைகளைக் காத்துவந்த ஆளோ வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“சும்மா உட்கார்ந்து மூஞ்சியத் தூக்கி வச்சிக்காத. மிளகா இடி,” என்றாள் இனோங்கே.

பழைய இஞ்சின் எண்ணெயில் மிளகாய்ப் பொடியைக் குழைத்து, கந்தலில் தோய்த்து, காட்டைச் சுற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மாமனார் வந்தார், மோந்தார், தலையை உதறிக்கொண்டு திரும்பினார். மூன்று நாள் கழித்துக் குழுத் தலைவரின் காட்டில் அவர் காலடி தெரிந்தது.

அறுவடைக்கு முந்தின வாரம் முயுண்டா போனைப் பார்த்துச் சிரித்தான்.

“அண்ணி, வெளிநாட்டுல அந்த ரெண்டு கூட்டத்துக்கும் இன்னும் உங்களப் பத்தித்தான் சண்டை. பெரிய மண்டபமாம், நிக்க இடமில்லையாம்.”

“யாரு ஜெயிச்சா?”

“முடியலையாம். மறுபடி கூடுறாங்களாம்.”

“கூடட்டும். நீ அந்தக் கயித்தப் பிடி, தொய்ஞ்சி கெடக்கு.”