சனிக்கிழமைத் துளசி

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இவ்வேளையில், நான் நேரில் கண்டவற்றையும், உடனிருந்தோரிடம் கேட்டு உறுதிசெய்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். அவர் சொன்னதை ஆராயாமல் நம்பி ஏமாந்தவள் நான். என் எழுத்தை நம்பி நீங்களும் ஏமாறலாகாது.

அண்ணன் செய்யூரையடுத்த சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே காலமானார். சவுக்குத் தோப்பில் கூலிவேலை செய்துகொண்டே படித்து, கூடுவாஞ்சேரியில் கணித ஆசிரியரானார். என்னைப் படிக்கவைத்து, தம் தெருவிலேயே மணமுடித்துக் கொடுத்தார். அவர் கண்கலங்கி எவரும் கண்டதில்லை. உறவினர் அனைவரும் அவரையே மனத்திட்பத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறிவந்தோம்.

மகள் பிறந்தபின் எனக்கு உறக்கம் அற்றுப்போயிற்று. குழந்தையைத் தூக்கவும் கை எழவில்லை. கணவர் செங்கற்பட்டு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லப் புறப்பட்டபோது, அண்ணன் வாயிலில் நின்று தடுத்தார்.

"நம்ம வூட்ல எவனாச்சும் டாக்டர்கிட்ட போய் ஒக்காந்துகினு அழுதுகீறானா? பைத்தியம்னு பேர் எடுக்கணுமா? மனசக் கெட்டியா வெச்சிக்கினா எல்லாம் சரியாப் பூடும்."

நான் செல்லவில்லை. மகளின் மழலைப் பருவம் என் நினைவில் இல்லை; அவள் மாமியார் மடியில் வளர்ந்தாள். அண்ணனோ சனிக்கிழமைதோறும் திருவிடந்தைப் பெருமாளைச் சேவித்துவிட்டு, "உனுக்காகத்தான் வேண்டிக்கினு வந்தேன்" என்று என் கையில் துளசி தருவார். அதைக் கண்ணில் ஒற்றி உண்பேன்.

சனிக்கிழமைகளில் அண்ணனைத் தம் வண்டியில் அழைத்துச் சென்றுவந்தவர் உடன்பணியாற்றிய ஆசிரியர். கருமாதியன்று அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணன் ஒருநாளும் கோயிலுக்கு வர்ல தங்கச்சி. போற வழில கோவளத்துல மனநல ஆலோசகர் வூட்ல எறங்கிப்பாரு. துளசி வாங்கியாறது நான்தான். உன் பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே போய்க்கினு இருந்தோம்."

அண்ணியிடம் கேட்டேன். "தெரியும். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினாரு" என்றார். ஆலோசகரையும் சென்று கண்டேன். தம்மிடம் வருவோரைப் பற்றி எவரிடமும் பேசுவதில்லை என்று அமைதியாக மறுத்தார். அது அவர் தொழில்நெறி, குறைகூற இயலாது.

இதை நினைவுமலரில் அச்சிடலாகாது என்றனர் சிலர். "போடு. இன்னும் எத்தினி பேரு வாய மூடிக்கினு கீறாங்களோ" என்றார் அண்ணி. என் மகள் தன் கல்லூரி ஆலோசகரிடம், பல்வலிக்குச் செல்வதுபோல் வெளிப்படையாகச் சென்று வருகிறாள். அவளுக்கு மறைப்பாக ஒரு கோயில் தேவைப்படவில்லை.

இதயநோயால் அண்ணன் படுத்திருந்தபோது இரவுபகலாகப் பேணிய செவிலியர்க்கும், தோள்கொடுத்த அண்டைவீட்டார்க்கும், மறைக்காமல் உண்மை உரைத்த ஆசிரியர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது.

இறுதியாக அண்ணன் என்னிடம் கேட்டது: "ராத்திரில தூங்கறியாம்மா?" அதுவரை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. நான் விடை கூறுமுன் அவரைச் சிகிச்சை அறைக்குக் கொண்டுசென்றனர். அதன்பின் என்ன சொல்ல எண்ணியிருந்தார் என்பது தெரியவில்லை. தமக்குத் திறந்திருந்த கதவை எனக்கு ஏன் அடைத்தார் என்பதும் தெரியவில்லை.